இஞ்சி பியர் வெடித்த இரவு

கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டுக் கூரையில் இரவில் மரநாய் ஓடும். அந்தச் சத்தத்துக்கு யாரும் எழுவதில்லை. இரண்டு வருடங்களுக்கு முன்னர், தீபாவளி முடிந்த மறுநாள் அதிகாலை இரண்டு மணிக்குக் கேட்ட சத்தம் வேறு. சமையலறையில் எரிவாயு சிலிண்டர்தான் வெடித்துவிட்டது என்று நினைத்தேன். ஓடிப்போய் மின்விளக்கைப் போட்டால் சிலிண்டர் இருந்த இடத்திலேயே இருந்தது. மாவு டப்பாக்கள் வைக்கும் தட்டில் இருந்து இஞ்சி வாசனையுடன் ஏதோ வழிந்துகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது போத்தலும் வெடித்தது.

ஒரு கண்ணாடித் துண்டு கதவின் மரச்சட்டத்தில் குத்தி நின்றது. அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து, அந்தத் தட்டுக்கு முன்னால் நின்றுவிட்டுப் போய்ப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

அவை நான் செய்த இஞ்சி பியர் போத்தல்கள். மொத்தம் பதினான்கு. இரண்டு வெடித்துவிட்டன, எட்டு தட்டில் இருந்தன, இரண்டு எங்கள் ஃப்ரிட்ஜில். மிச்சம் இரண்டை எண்ணும்போதுதான் வயிற்றைக் கலக்கியது. தீபாவளிப் பலகாரத்தோடு அவற்றைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்திருந்தேன். அந்த வீட்டில் ஆறு வயதுப் பையன் இருக்கிறான்.

இந்தக் கட்டுரை அந்த இரவைப் பற்றியது. நத்தாருக்கும் புது வருடத்துக்கும் பெருநாளுக்கும் வீட்டில் இஞ்சி பியர் செய்பவர்கள் கண்டியில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். போத்தலுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் கவனிக்காமல் விட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாச்சியின் கணக்கு

எங்கள் அம்மாச்சி செய்த முறை எளிமையானது. இஞ்சியை இடித்துச் சீனியோடு கொதிக்கவைத்து, ஆறியதும் எலுமிச்சைச் சாறும் ஒரு பிடி பிளம்ஸும் போட்டு, மெல்லிய துணியால் வாய் கட்டி வைப்பார். பிளம்ஸ் என்று நாங்கள் சொல்வது உலர்ந்த திராட்சையை. "பிளம்ஸ் மேல வந்து மிதந்தா போத்தல்ல ஊத்து. ரெண்டு நாளைக்குள்ள குடிச்சு முடி" என்பதுதான் அவரது கணக்கு.

பழைய கணக்குதான், ஆனால் அதற்குள் விஞ்ஞானம் இருக்கிறது. திராட்சைத் தோலில் இயற்கையாகவே ஈஸ்ட் ஒட்டியிருக்கும். பாடசாலையில் மதுவம் என்று படித்தோமே, அதுதான். அது சீனியைத் தின்று இரண்டு பொருட்களை வெளிவிடுகிறது: ஒன்று எதனோல் என்கிற மதுசாரம், மற்றது காபனீரொட்சைட்டு வாயு. ஒரு கிராம் சீனி நொதித்தால் ஏறத்தாழ அரைக் கிராம் மதுசாரமும் அரைக் கிராம் வாயுவும் கிடைக்கும். வாயுக் குமிழிகள் திராட்சையில் ஒட்டி அதைத் தூக்குவதால்தான் அது மிதக்கிறது. நொதித்தல் தொடங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். முடிந்துவிட்டது என்பதற்கு அல்ல.

அம்மாச்சியின் போத்தல்கள் வெடிக்காததற்கு மூன்று காரணங்கள் இருந்தன. அவர் தக்கையைத்தான் அடைத்தார். அழுத்தம் கூடினால் தக்கை கொஞ்சம் கசியும், அல்லது பறக்கும். திராட்சையில் இருந்த காட்டு ஈஸ்ட் மெதுவாக வேலை செய்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பேரப்பிள்ளைகள் பன்னிரண்டு பேர் இருந்த வீட்டில் எந்தப் போத்தலும் மூன்றாவது நாளைப் பார்க்கவில்லை.

நான் மூன்றையும் மாற்றினேன். திருகு மூடியுள்ள பழைய சாராயப் போத்தல்களை எடுத்தேன். பாண் செய்யும் ஈஸ்ட் போட்டேன். ஒரு வேலையாகக் கொழும்பு போகவேண்டி வந்ததால் வாளியிலேயே மூன்று நாள் விட்டுவிட்டு, திரும்பி வந்து அவசரமாக ஊற்றி, இறுக்கி மூடி, தட்டில் அடுக்கினேன்.

மூடிய போத்தலில் எவ்வளவு அழுத்தம்?

ஒரு லீற்றர் பானத்தில் 4 கிராம் சீனி நொதித்தால், அந்தப் பானத்தின் அளவுக்குச் சமமான ஒரு மடங்கு வாயு உண்டாகும். கடையில் வாங்கும் பியரில் சாதாரணமாக இரண்டரை மடங்கு வாயு இருக்கும். வீட்டில் போத்தலிலேயே வாயு ஏற்றுபவர்கள் முதலில் சீனி முழுவதும் நொதித்து முடிய விடுவார்கள். பிறகு லீற்றருக்கு 6 அல்லது 7 கிராம் சீனியை மட்டும் அளந்து சேர்த்து மூடுவார்கள். அந்தச் சின்ன அளவுச் சீனியே, அறை வெப்பநிலையில், கார் டயரில் இருக்கும் காற்றுக்குக் கிட்டத்தட்டச் சமமான அழுத்தத்தைப் போத்தலுக்குள் உண்டாக்கும்.

நான் சேர்த்த சீனி லீற்றருக்கு 140 கிராம். மூடும்போது அதில் பெரும்பகுதி அப்படியே மிச்சம் இருந்தது. இனிப்பாகத்தானே இருக்கிறது என்று ருசி பார்த்துத் திருப்திப்பட்டேன். அந்த இனிப்புத்தான் வெடிமருந்து.

சாராயம் குமிழி விடாது; அதன் போத்தல் உள்ளழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஷாம்பெயின் போத்தல் தடித்த கண்ணாடியும் உள்வளைந்த அடியும் கொண்டிருப்பது, வளிமண்டல அழுத்தத்தைப் போல ஐந்து ஆறு மடங்கு அழுத்தத்தைத் தாங்குவதற்காக. என்னுடைய போத்தலில் மிச்சமிருந்த சீனி முழுவதும் நொதித்திருந்தால் இருபது மடங்கைத் தாண்டியிருக்கும். எந்தப் போத்தலும் அதுவரை பொறுக்காது.

அந்த இரவில் செய்தது இதுதான். அம்மாவை அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினேன். தம்பியின் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டி, கண்ணாடியை இறக்கி, தடித்த சட்டையும் கையுறையும் போட்டேன். ஈரமான பெரிய துவாயால் எட்டுப் போத்தல்களையும் மூடினேன். பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

கண்டியில் முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். நானும் பக்கத்து வீட்டு அக்காவைச் சிறுவயதிலிருந்து தாத்தா என்றுதான் அழைப்பேன். ஹெல்மெட்டோடு நின்ற என்னைப் பார்த்து அவர் பயந்துபோனார். "தாத்தா, நான் தந்த போத்தல் எங்க?" என்றேன். ஒன்றை மதியம் சாப்பாட்டோடு குடித்து முடித்துவிட்டார்கள். மற்றது பையன் படுக்கும் அறையில், அலுமாரிக்கு மேல் இருந்தது.

துவாயில் சுற்றி எடுத்துவந்து, எல்லாவற்றையும் வெளியே சீமெந்துத் தொட்டியில் பனிக்கட்டியோடு போட்டுப் பலகையால் மூடினேன். குளிரில் ஈஸ்ட் வேலையை மெதுவாக்கும், வாயுவும் திரவத்துக்குள் கூடுதலாகக் கரையும், அழுத்தம் இறங்கும். மறுநாள் நன்றாகக் குளிர்ந்த பிறகு, துவாயை எடுக்காமலே ஒவ்வொரு மூடியாக நூலளவு திருகி வாயுவை வெளியேற்றினேன். வீட்டில் இப்படியொரு போத்தல் இருந்தால் உடனே திறக்கப் போகாதீர்கள், குலுக்காதீர்கள். முதலில் மூடுங்கள், பிறகு குளிரவையுங்கள், அதன் பிறகுதான் திறப்பது.

தாத்தாவிடம் சொல்லவேண்டிய இன்னொரு விடயம்

வெடிப்பு ஒரு பக்கம். மறுநாள் காலையில் எனக்கு இன்னொரு கேள்வி வந்தது. மூன்று நாள் வாளியில் நொதித்து, இரண்டு நாள் போத்தலில் நொதித்த அந்தப் பானத்தில் மதுசாரம் எவ்வளவு?

அதை அளக்கும் கருவி என்னிடம் இருந்தது. நீரமானி. அடியில் எடை வைத்த கண்ணாடிக் குழாய். திரவத்தில் மிதக்கவிட்டால் அதன் அடர்த்தியைக் காட்டும். தண்ணீரில் 1.000 காட்டும். சீனி கூடினால் எண் கூடும், சீனி நொதித்து மதுசாரமானால் எண் குறையும். முதல் எண்ணிலிருந்து இறுதி எண்ணைக் கழித்து 131 ஆல் பெருக்கினால் மதுசாரத்தின் சதவீதம் கிடைக்கும்.

லீற்றருக்கு 140 கிராம் சீனி என்றால் ஆரம்ப எண் சுமார் 1.054. எங்கள் ஃப்ரிட்ஜில் இருந்த போத்தலை எடுத்து, வாயு போகும்வரை கலக்கி அளந்தேன். 1.034 காட்டியது. அதாவது 2.6 சதவீதம். தட்டிலும் அலுமாரியிலும் இருந்தவற்றில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கலாம். கடையில் விற்கும் சாதாரண லாகர் பியரில் உள்ளதில் பாதி.

பெயரில் பியர் இருந்தாலும் இஞ்சி பியரை யாரும் மதுவாக நினைப்பதில்லை. கடையில் விற்கும் இஞ்சி பியர் வாயு ஏற்றிய குளிர்பானம்தான். அந்த நம்பிக்கையில்தான் தாத்தா அதை வாங்கினார். மதுவைத் தொடாத ஒரு குடும்பத்தின் சாப்பாட்டு மேசையில், நான் அரைப் பங்கு பியரை வைத்திருக்கிறேன்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. பகல் முழுவதும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அஸருக்குப் பிறகு போய்ச் சொன்னேன். தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. "சின்னவனும் குடிச்சானே" என்றார். அரைக் கிளாஸ். பிறகு சொன்னார்: "தெரியாமக் குடிச்சதுக்கு எங்கட மேல குத்தமில்ல. ஆனா நீ தெரிஞ்சிக்கிட்டுத் தந்திருக்கணும். இனி எதையாச்சும் போத்தல்ல அடைச்சுத் தந்தா, உள்ளுக்கு என்னண்டு எழுதித் தா."

அடுத்த பெருநாளுக்கு அவர்கள் வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்தது. நான் கொடுத்த இஞ்சி பியரை அம்மாவுக்கு நன்றி சொல்லி, வாங்காமல் திருப்பி அனுப்பினார்கள்.

லெஸ்டரில் கற்றது

நீரமானி என்னிடம் எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். ஊடகக் கற்கைக்காக இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் இரண்டு வருடம் இருந்தேன். என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொண்ட ஒரு வேல்ஸ்காரருக்கு வீட்டில் பியர் காய்ச்சுவது பொழுதுபோக்கு. அங்கே அது குற்றமில்லை. 1880 முதல் அனுமதிப்பத்திரம் தேவைப்பட்டிருந்தது. 1963 வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மோட்லிங் அதை நீக்கினார். விற்காதவரை வீட்டில் காய்ச்சலாம். அமெரிக்காவில் இதே அனுமதியை ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் 1978 இல் கொடுத்தது.

முளைகட்டி உலர்த்திய பார்லியைச் சுமார் 66 பாகை வெந்நீரில் ஒரு மணிநேரம் ஊறவைப்பார்கள். மாப்பொருள் சீனியாக மாறும். அந்தச் சாற்றை ஹொப்ஸ் பூவோடு கொதிக்கவைத்து, குளிரவைத்து, ஈஸ்ட் போட்டு, 18 முதல் 22 பாகைக்குள் இரண்டு வாரம் விடுவார்கள். இவ்வளவுதான். ஆனால் அந்த இவ்வளவுக்குள் நாங்கள் செய்த தவறுகள் கொஞ்சமல்ல.

முதல் தவறு வாளியை விளிம்புவரை நிரப்பியது. நொதிக்கும்போது எழும் நுரைக்கு இடமில்லை. வாயு வெளியேறும் சின்னக் குழாயை ஹொப்ஸ் துகள் அடைத்துவிட்டது. மூடி பறந்து, வீட்டுக் கூரையில் கபில நிறத்தில் ஒரு வட்டம் விழுந்தது. வீட்டுக்காரருக்குக் கொடுத்த முற்பணத்தில் ஒரு பகுதி அந்த வட்டத்துக்குப் போனது. அதற்குப் பிறகு வாளியில் கால்பங்கு இடம் விடுவோம்; சின்னக் குழாய்க்குப் பதில் தடித்த குழாயைப் போட்டு அதன் நுனியைத் தண்ணீரில் வைப்போம்.

இரண்டாவது, குளோரின் கலந்த வெளுப்பு நீரால் வாளியைக் கழுவிச் சரியாக அலசாமல் விட்டது. இருபது லீற்றர் பியரும் ஆஸ்பத்திரி வாசனை அடித்தது. பியரில் இயல்பாக உள்ள சில பொருட்களோடு குளோரின் சேர்ந்தால், துளியளவிலேயே மருந்து வாசனை வந்துவிடும். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரினே சில வேளை அதற்குப் போதும். அழுக்கைக் கழுவுவது வேறு, கிருமியை நீக்குவது வேறு. இரண்டையும் தனித்தனியாகச் செய்யவேண்டும் என்று அன்றுதான் விளங்கியது. கொதிநீரும் உணவுப் பாத்திரங்களுக்கான கிருமிநீக்கியும் போதும். துருப்பிடிக்காத எஃகில் வெளுப்பு நீரை ஊறவைத்தால் எஃகும் அரிக்கும்.

பிறகு போத்தல் கழுவி அலுத்துப்போய்க் கெக் வாங்கினோம். சுமார் 19 லீற்றர் பிடிக்கும், துருப்பிடிக்காத எஃகினாலான உருளை. முன்னர் குளிர்பானக் கம்பனிகள் பாணியைக் கடைகளுக்கு அனுப்பப் பயன்படுத்தியவை; அவர்கள் பெட்டிக்குள் பை வைத்து அனுப்பும் முறைக்கு மாறியபோது, தேவையற்றுப்போன கெக்குகளை வீட்டில் பியர் காய்ச்சுபவர்கள் வாங்கிக்கொண்டார்கள். ஒரு வால்வு வழியாக வாயு உள்ளே போகும், மற்றது வழியாகப் பானம் வெளியே வரும். மூடியில் அழுத்தத்தை விடுவிக்கும் வால்வும் உண்டு.

முதல் வாரத்திலேயே ஒரே இரவில் சிலிண்டர் காலியானது. எங்கோ ஊசிமுனை அளவு கசிவு. சவர்க்கார நீரை எல்லா இணைப்புகளிலும் தடவினால் கசியும் இடத்தில் குமிழி வரும். இரண்டு நிமிட வேலை. நாங்கள் செய்யாமல் படுத்துவிட்டோம். வாயு மிச்சமிருந்த மற்றொரு நாள், கெக்கின் அழுத்தத்தை விடுவிக்காமல் வால்வைச் சாவியால் கழற்றப் போனேன். நண்பர் என் கையைத் தட்டிவிட்டார். கழன்றிருந்தால் அந்த உலோகத் துண்டு முகத்துக்குத்தான் வந்திருக்கும்.

அவர் அடிக்கடி சொல்வதன் சாரம் இது: நீரமானி மூன்று நாளாக ஒரே எண்ணைக் காட்டாமல் எதையும் மூடாதே. அதை லெஸ்டரில் நான் ஒருநாளும் மீறவில்லை. கண்டியில், எங்கள் சொந்தச் சமையலறையில், இது பியரா என்ன, அம்மாச்சியின் இஞ்சி பியர்தானே என்று அளக்காமல் மூடினேன்.

கண்டியில் பீப்பாய், கண்டியில் சட்டம்

கெக் என்றால் ஏதோ வெளிநாட்டுச் சாமான் என்று தோன்றலாம். மலையகத்துக்குப் பியர் வந்து 170 வருடங்களுக்கு மேலாகிறது. பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப்போய்ப் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், 1849 இல் நுவரெலியாவில் சிறிய பியர் வடிசாலையைத் தொடங்கினார். அப்போது இங்கே தேயிலைத் தோட்டம் இல்லை. கோப்பிக் காலம் அது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டது 1867 இல். நுவரெலியாவின் குளிர்தான் பியருக்கு உதவியது. மின்சாரக் குளிரூட்டல் இல்லாத காலத்தில், நொதிக்கும் தொட்டியைச் சூடேறாமல் வைத்திருக்க இலங்கையில் வேறு பொருத்தமான இடம் அரிது. அந்த மரபில் வந்த லயன் வடிசாலை 1990களின் இறுதியில்தான் பியகமவுக்கு இடம்பெயர்ந்தது.

பியர் பற்றி எழுதுவதையே தொழிலாகக் கொண்டிருந்த பிரித்தானிய எழுத்தாளர் மைக்கல் ஜாக்சன் இந்த மலைநாட்டு ஸ்டவுட்டைத் தேடி வந்தார். பாடகர் அல்ல, பெயர் மட்டும் அதே. நுவரெலியாவில் ஒரு பியர்க் கடையிலும் கண்டியில் யூ.கே.டி. சில்வா கடையிலும் அது பீப்பாயிலிருந்து கைப்பம்பினால் இறைத்து ஊற்றப்பட்டதை அவர் எழுதியிருக்கிறார். அதாவது பீப்பாயும் பம்பும் அழுத்தமும் பற்றிய கைவேலை அறிவு கண்டி நகரிலேயே இருந்தது.

ஆனால் அது அனுமதிப்பத்திரம் உள்ளவர்களின் அறிவு. 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச்சட்டத்தின் கீழ், அனுமதியின்றி மது தயாரிப்பது குற்றம். அந்தச் சட்டம் வந்த காலத்தில் தீவு முழுவதும் கள்ளுத் தவறணைகள் திறக்கப்பட்டதை எதிர்த்துத்தான் மதுவிலக்கு இயக்கம் எழுந்தது, டி.எஸ். சேனாநாயக்க போன்றவர்கள் பொதுவாழ்வுக்கு வந்தது அந்த இயக்கத்தின் வழியாக. ஒரு நூற்றாண்டு கடந்தும் கட்டளைச்சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: இது வீட்டில் பியர் காய்ச்ச அழைப்பு அல்ல. இங்கிலாந்தில் செய்ததை நான் இங்கே செய்வதில்லை.

நமது மதுச் சட்டங்கள் பெரும்பாலும் கேட்பது யார் விற்கிறார், யார் வாங்குகிறார், வரி எங்கே என்பவற்றைத்தான். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக்கூடாது என்கிறது 2006 ஆம் ஆண்டின் சட்டம். அது நல்லது. பெண்களுக்கு விற்பதைத் தடுத்த 1979 ஆம் ஆண்டின் விதியை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்க, சில நாட்களுக்குள்ளேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பப் பெறச் சொன்னார். ஒரு பெண்ணாக எனக்கு அதில் கோபம் உண்டு. ஆனால் என் சமையலறைத் தட்டில் இருந்த போத்தலுக்குள் என்ன நடக்கிறது என்ற கேள்விக்கு இவற்றில் எதிலும் பதில் இல்லை. அதை நாம்தான் கேட்டுக்கொள்ளவேண்டும்.

நொதித்தல் நமக்குப் புதிதும் அல்ல. ஆப்ப மாவுக்குக் கள்ளு விட்டுப் புளிக்கவைத்தவர்கள் நாம். கண்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில் கித்துள் சீவுபவர்கள், பாணிக்கும் கருப்பட்டிக்கும் எடுக்கும் பதநீர் மரத்திலேயே புளித்துவிடாமல் இருக்கச் சட்டிக்குள் சுண்ணாம்போ ஹல் மரப்பட்டையோ போடுகிறார்கள். ஈஸ்ட் என்ற சொல் தெரியாமலே ஈஸ்டை அடக்கத் தெரிந்தவர்கள்.

இவ்விடத்தில் ஒரு பயத்தையும் தெளிவாக்கவேண்டும். வீட்டில் நொதிக்கவைத்தால் விஷமாகுமா, கசிப்பு மாதிரி சாவு வருமா என்று அம்மா கேட்டார். நொதித்தலும் வடித்தலும் வேறு. சீனியும் இஞ்சியும் நொதித்தால் ஆளைக் கொல்லும் அளவு மெதனோல் உண்டாவதில்லை. தமிழ்நாட்டில் கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் அறுபதுக்கும் அதிகமானோர் இறந்தது, மெதனோல் கலக்கப்பட்ட சாராயத்தைக் குடித்து. மெதனோல் உடலில் போர்மிக் அமிலமாக மாறிப் பார்வையையும் உயிரையும் பறிக்கிறது. குடிப்பவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது; கலப்பவர் சொல்வதுமில்லை. என் இஞ்சி பியருக்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனால் தெரியாமல் கொடுத்தேன், தெரியாமல் குடித்தார்கள் என்ற ஒரு விடயத்தில் நான் அந்தப் பக்கம்தான் நின்றேன்.

ஈஸ்ட் இல்லாத இஞ்சி பியர்

லெஸ்டரிலிருந்து திரும்பும்போது ஒரு கெக்கைக் கொண்டுவந்திருந்தேன். உள்ளே கம்பளிச் சட்டைகளை அடைத்துப் பொதியில் போட்டேன். நான்கு வருடம் அது கட்டிலுக்குக் கீழே கிடந்தது. வெடிப்புக்குப் பிறகுதான் யோசனை வந்தது: இஞ்சி பியருக்கு வாயுதானே வேண்டும், நொதித்தல் எதற்கு?

இப்போது செய்யும் முறை இது. 15 லீற்றருக்கு அரைக் கிலோ இஞ்சியும் 1.2 கிலோ சீனியும். இஞ்சியை இடித்து, சீனியோடு கொஞ்சத் தண்ணீரில் இருபது நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டி, கொதித்தாறிய தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, சுத்தமாக்கிய கெக்கில் ஊற்றிப் பழைய ஃப்ரிட்ஜுக்குள் வைப்பேன். 4 பாகைக்குக் குளிர்ந்த பிறகு, உணவுத் தரத்திலான காபனீரொட்சைட்டை 25 பிஎஸ்ஐ அழுத்தத்தில் இணைத்து ஒரு வாரம் விடுவேன். குளிர்ந்த திரவம் வாயுவை நன்றாக இழுக்கும். சூடான திரவத்துக்கு எவ்வளவு கொடுத்தாலும் நுரைதான் மிஞ்சும்.

இதிலும் அடிபட்டுத்தான் கற்றேன். முதல் தடவை பானம் வெளிவரும் குழாயை ஒரு மீற்றருக்கு வெட்டிப் போட்டேன். கிளாஸில் முக்கால்வாசி நுரை. குழாய் மெல்லியதாகவும் நீளமாகவும் இருந்தால் வரும் வழியிலேயே அழுத்தம் மெல்ல இறங்கும். ஆறு மீற்றர் மெல்லிய குழாயைச் சுருட்டி ஃப்ரிட்ஜுக்குள் வைத்தபோது சரியானது. ஊற்றும் நேரத்தில் சிலிண்டரை மூடி, கெக்கின் அழுத்தத்தைக் கொஞ்சம் வெளிவிட்டு, 10 பிஎஸ்ஐக்கு இறக்கிக்கொள்வேன்.

சிலிண்டரைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். 20 பாகையில் அதற்குள் சுமார் 830 பிஎஸ்ஐ இருக்கும். மோட்டார் சைக்கிள் டயரில் 30. ரெகுலேட்டர் இல்லாமல் ஒருபோதும் கெக்கில் இணைக்கக்கூடாது. நிமிர்த்தி, விழாதபடி கட்டிவைக்கவேண்டும். வெயில் படும் யன்னலோரத்திலோ மூடிய வாகனத்திலோ விடக்கூடாது. 31 பாகையைத் தாண்டினால் அழுத்தம் மிக வேகமாக ஏறும். 2 கிலோ வாயு முழுவதும் கசிந்தால் ஆயிரம் லீற்றருக்கு மேல் வரும். பத்தடிக்குப் பத்தடி அறையைப் பூட்டிக்கொண்டு படுத்தால், அந்த அறைக் காற்றில் கிட்டத்தட்ட 5 சதவீதம் அதுவாகத்தான் இருக்கும். மூச்சு வாங்கும், தலை சுற்றும், உயிருக்கே ஆபத்தாகலாம். வாசனை இல்லாததால் தெரியவும் தெரியாது. படுக்கையறையில் வேண்டாம்.

கெக் இல்லாதவர்கள் பழைய முறையில் செய்யலாம், ஆனால் கண்ணாடிப் போத்தலில் அல்ல. சோடா வந்த பிளாஸ்டிக் போத்தலை எடுங்கள். மேலே நான்கு விரல் இடம் விட்டு ஊற்றுங்கள். ஆறு மணிநேரத்துக்கு ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். கல்லாக இறுகியதும் ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு நாளைக்குள் முடியுங்கள். ஃப்ரிட்ஜிலும் ஈஸ்ட் தூங்குமே தவிரச் சாகாது. ஈஸ்ட் போட்டதில் கொஞ்சமாவது மதுசாரம் இருக்கும். அதைப் பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், மது தொடாதவர்களுக்கும் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

கடந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் வாரம் தாத்தா எங்கள் சமையலறைக்கு வந்தார். நான் இஞ்சி இடிப்பதிலிருந்து கெக்கை மூடுவதுவரை கதிரையில் உட்கார்ந்து பார்த்தார். "ஈஸ்ட் போடல்லயா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிளம்ஸும் இல்லை என்பதைச் சட்டிக்குள் எட்டிப் பார்த்து உறுதிப்படுத்தினார்.

பெருநாளன்று இரண்டு பிளாஸ்டிக் போத்தல்களில் நிரப்பி, தாளில் எழுதி ஒட்டினேன்: இஞ்சி, சீனி, எலுமிச்சை, வாயு, ஈஸ்ட் இல்லை, செய்த திகதி, மூன்று நாளைக்குள் குடிக்கவும். பையன் வாசலிலேயே அதை எழுத்துக் கூட்டி வாசித்தான். பிறகு போத்தலை ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோனான்.